விரிப்பின் மறுமுனை

"பல்லு வலிக்கு யாராவது ஒரு வாரம் முன்னாடியே லீவு சொல்லி வெப்பாங்களாடி?"

"வெப்பாங்க. டாக்டர் அன்னிக்குத்தான் இருப்பாராம்."

"எந்தப் பல்லு?"

புதுசு ஒரு கணம் யோசித்தாள். நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தள்ளிக் காட்டினாள். "கடைவாய்ப் பல்லு."

"நேத்து முன்பல்லுன்னே."

"வலி நகருதுக்கா. நீங்க மட்டும் என்ன, பேங்க்ல ஒரு நாள் முழுக்க வேலையாமே. பேங்க்கை விலை பேசப் போறீங்களா?"

விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த நெட்டை சிரித்தாள். அவள் பெயருக்கேற்ற உயரம். அவள் பக்கத்து முனை எப்போதும் ஒரு சாண் மேலே நிற்கும். புதுசின் பக்கம் தாழ்ந்திருக்கும். இருவருக்கும் நடுவே வெள்ளை விரிப்பு ஒரு சாய்ந்த கூரை போலத் தொங்கும்.

விடிந்தும் விடியாத நேரம். சலவைக்கூடத்தின் உயரமான ஜன்னல்கள் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன. நேற்று மிஞ்சிய விரிப்புகளை முடிப்பதற்காக மடிக்கிறவர்களை மட்டும் எல்லோருக்கும் முன்னால் வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகள், ஹோட்டல் விரிப்புகள், ஊரில் யார் யாரோ படுத்து எழுந்த வெள்ளைத் துணிகள். நான்கு முனையையும் பிடித்து விறைப்பாக இழுக்க வேண்டும். ஒரு உதறு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருத்தி தன் முனைகளை மற்றவள் விரல்களில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பற்றிக்கொண்டு பின்வாங்குவாள். மறுபடி உதறு. மறுபடி நடை. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். சில நாள் புதுசு அப்படித்தான் செய்தாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவளைப் 'புதுசு' என்றார்கள். அவளுக்குப் பின்னால் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். பெயர் மட்டும் பழசாகவில்லை.

பாய்லர் பெருமூச்சு விட்டது. துவைக்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உருண்டன. விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் ரோலர் உறுமியது. அதன் பிறகு அந்தக் கூடத்தில் வாய் இருப்பது மூச்சு விடுவதற்கு மட்டும்தான். மடிக்கிறவர்கள் பேசுவது விரிப்பால். சட்டென்று ஒரு இழுப்பு என்றால் சூப்பர்வைசர் வருகிறார். இரண்டு என்றால், மெதுவா, கை கழலுது. மூன்று என்றால் தண்ணீர் குடிக்கப் போகலாம். இவை தவிர நீளமாக, மெதுவாக ஒரு இழுப்பு உண்டு. அதில் சேதி எதுவும் கிடையாது. இருக்கியா என்று ஒரு முனை கேட்கும். இருக்கேன் என்று மறுமுனை இழுத்துச் சொல்லும். அவ்வளவுதான்.

அந்த நீள இழுப்பை நம்பித்தான் புதுசு காலையில் எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவள் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல் துறைமுகத்தைத் தொட்டால் போன் வரும். நடுக்கடலில் அவன் குரலும் கிடையாது. மாடியில் ஒற்றை அறை. அதன் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வேலை முடிந்து போய்க் கதவைச் சாத்தினாலும் காதுக்குள் இயந்திரங்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். அவள் ஒரு நாளில் பேசும் சொற்களை உள்ளங்கையில் அள்ளி ஊதிவிடலாம்.

இப்போது அந்த அறையில் இன்னொரு உயிரும் இருந்தது. அவளுக்குள்ளே. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, நெட்டையிடம்கூட. தொளதொளவென்ற மேலங்கியை மாட்டிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, விரிப்பை வயிற்றுக்கு முன்னால் பிடித்தபடியே நாளைக் கழித்தாள்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. "இத்தனை வருஷத்துல ஒருத்தரையும் நான் வேலையை விட்டு அனுப்பினதில்லை" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொன்னது உண்மைதான். வயிறு தெரிய ஆரம்பித்தால் ஈரப்பக்கத்துக்கு மாற்றுவார், வேறொன்றும் செய்யமாட்டார். துவைத்து முடித்த விரிப்புகளை இயந்திரத்தின் வாயிலிருந்து இழுத்துத் தோளில் போட்டு, பிழியும் இயந்திரத்துக்குச் சுமந்து போகிற பக்கம் அது. காய்ந்த விரிப்பு காகிதம் போல. அதே விரிப்பு நனைந்துவிட்டால் தூங்கிப்போன ஆள் மாதிரி கனக்கும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். தரையெல்லாம் சோப்பு வழுக்கல். அங்கே போனவர்கள் கொஞ்ச நாளில் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். முதலாளியின் சொல்லுக்கு ஒரு பங்கமும் வராது.

புதிதாக வருகிறவர்களுக்கும் முதலில் ஈரப்பக்கம்தான். புதுசும் அங்கேதான் தொடங்கினாள். அந்த மாதங்களைப் பற்றி அவள் நினைப்பதில்லை.

வியாழக்கிழமை சுகாதார நிலையத்தில் வழக்கமான நீள வரிசை இருக்கும் என்று எண்ணிப் போனாள். வாசலில் இருந்த பெண் எப்போது பிரசவம் என்று கேட்டுவிட்டு, "அந்த மாசத்துக்காரங்க எல்லாம் பின்னாடி ரூம்" என்று கையைக் காட்டினாள். அங்கே மேஜை இல்லை, வரிசை இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எதிர் நாற்காலியில் முழங்கால்கள் முன்னால் துருத்திக்கொண்டு ஒரு நெட்டையான பெண் உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

"பேங்க்கை இங்க மாத்திட்டாங்களாக்கா?" என்றாள் புதுசு.

"கடைவாய்ப் பல்லுக்கு இங்கதான் பார்க்கறாங்களா?" என்றாள் நெட்டை.

வட்டத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து வெடிச்சிரிப்பு கேட்டது. ரோலரில் நிற்கிற ரோலரம்மா. "நான் எங்க மச்சினருக்கு உடம்பு சரியில்லைன்னுட்டு வந்தேன். கல்லு மாதிரி இருக்கார் மனுஷன்." அவள் தோளுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தாள் பொடிசு, அழுக்குத் துணி பிரிக்கும் மேஜையில் இருப்பவள். "நான் பெரியப்பா செத்துட்டார்னு சொல்லிட்டேன்" என்றாள், அழுகிற குரலில். "எனக்குப் பெரியப்பாவே கிடையாதுக்கா."

மாதக்கணக்கில் முகத்துக்கு நேர் முகமாக நின்று மடித்திருக்கிறார்கள். ஒரே விரிப்பின் பின்னால் இருவரும் ஒரே விஷயத்தை ஒளித்திருக்கிறார்கள். புதுசுக்குச் சிரிப்பு வந்தது.

நர்ஸம்மாவுக்குக் கரகரத்த குரல். "எனக்குக் கை ரெண்டுதான்" என்றாள். "எடையை நீங்களே பாருங்க. பிரஷரை ஒருத்தருக்கு ஒருத்தர் பாருங்க. குழந்தை துடிப்பை மட்டும் நான் பார்க்கறேன்." ஒவ்வொருத்தியாகத் தட்டிக்குப் பின்னால் அழைத்துப் போய் வயிற்றில் சின்னக் கருவியை வைத்தாள். புதுசின் வயிற்றிலிருந்து வந்த ஓசை, கடைசிச் சுற்றில் வேகமெடுக்கும் சலவை இயந்திரத்தைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பது போலிருந்தது. "உனக்கு இதுதான் முதலா?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"ஆமா" என்றாள் புதுசு. அது பொய்.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் நர்ஸம்மா உடனே பதில் சொல்லமாட்டாள். சுற்றிலும் பார்த்து, "வேற யாருக்கு இப்படி?" என்பாள். சாயந்திரமானால் கால் வீங்குகிறது என்று பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி சொன்னாள். வேற யாருக்கு இப்படி? ஆறு கைகள் உயர்ந்தன. பிள்ளைகள் பேரைக் கூப்பிடும்போதே அழுகை வருகிறது என்றாள் அதே டீச்சர். "நான் சோப்பு விளம்பரம் பார்த்தே அழறேன் டீச்சர்" என்றாள் ரோலரம்மா. எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் நர்ஸம்மா தன் பங்குக்கு வாய் திறப்பாள்.

நெட்டைதான் புதுசுக்கு பிரஷர் பார்த்தாள். பட்டையைக் கையில் சுற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் அதன் நுனியை நீளமாக ஒருமுறை இழுத்தாள். புதுசு கையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருக்கேன்.

*

காட்டிக் கொடுத்தது வாயல்ல. மடிப்புதான்.

நாளாக ஆக ஒரு விசித்திரம் நடந்தது. முனைகளைச் சேர்க்க இருவரும் நடந்து வரும்போது கைகளுக்கு முன்னால் வயிறுகள் சந்தித்துக்கொண்டன. "உன் ஆளு என் ஆளை இடிக்கறான்டி" என்று நெட்டை உதட்டை அசைத்துச் சொல்வாள். முதுகை வளைக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்ததால் முன்னால் சாய்ந்தும் எட்ட முடியவில்லை. எட்ட நின்றே முனையைக் கொடுத்து வாங்கினார்கள். அப்படிக் கொடுக்கும்போது விரிப்பின் நடுப்பகுதி தொய்ந்தது. மடிப்பு ஒரு விரற்கடை விலகியது. அடுக்கி வைத்தால் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

ஹோட்டல்காரர்கள் அடுக்கை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

முதலாளி இந்தத் தொழிலுக்குள் மடிக்கிறவராக நுழைந்தவர். அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூசியதில்லை. திரும்பி வந்த விரிப்பு ஒன்றை எடுத்து விரித்து, மடிப்புத் தடத்தின் மீது விரலை ஓட்டினார். இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"மடிப்பு பொய் சொல்லாதும்மா" என்றார், மிருதுவாக. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னும் ரெண்டு பேர் நிக்கறாங்கன்னு இந்தக் கோணல் சொல்லுது. சரியா?"

அவர் விரிப்பை மடித்து மேஜையில் வைத்தார்.

"சூப்பர்வைசர் சொன்னார். வியாழக்கிழமைன்னா ஒருத்திக்குப் பல்லு வலி, ஒருத்திக்கு பேங்க். அந்தப் பொடிசுக்கு இதுவரை ரெண்டு பெரியப்பா செத்தாச்சு. எங்க போறீங்க?"

"செக்கப்புக்கு முதலாளி" என்றாள் நெட்டை.

"செக்கப்புன்னா போய்ட்டு அரை மணியில வரணும். வட்டமா உக்காந்து பேசறீங்களாமே? பேசினா பிரஷர் குறையுதா?"

"குறையுது முதலாளி" என்றாள் நெட்டை.

அவர் அதற்கும் புன்னகைத்தார். மறுநாள் நெட்டையும் பொடிசும் ஈரப்பக்கத்துக்குப் போனார்கள். ரோலரை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் ரோலரம்மா தப்பினாள். மடிப்பு மேஜைக்குப் பின்னால் சுவரில் இரண்டு இரும்புக் கவ்விகள் அடிக்கப்பட்டன. ஒரு பக்கத்து முனைகளை அதில் மாட்டிவிட்டால் ஒருத்தியே மடிக்கலாம். மறுமுனைக்கு ஆள் தேவையில்லை.

சாயந்திரம் கிளம்பும்போது முதலாளி புதுசை மட்டும் நிறுத்தினார். "உனக்குச் சொல்றேன். வீட்டுக்காரர் கடல்ல இருக்கார், நீ தனியா இருக்கற பொண்ணு. உன்னை ஈரத்துல விட எனக்கு மனசு வரல. காய்ஞ்ச பக்கத்துலயே இரு. வியாழக்கிழமை என் கார் வரும், நல்ல டாக்டர், கதவைச் சாத்திக்கிட்டு உன்னை மட்டும் பார்ப்பார். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் போகாதே. நாலு பேர் சேர்ந்து உக்காந்தா நாலு விதமாப் பேச்சு வரும். உனக்கு எதுக்கும்மா?"

அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. ஈரப்பக்கம் இல்லை என்ற ஒன்று மட்டும்தான் காதில் விழுந்தது. அது கேட்டதும் உடம்பு தானாக ஒரு மூச்சு விட்டுக்கொண்டது. அந்த மூச்சுக்காக அவள் வெட்கப்பட்டாள்.

வாசலில் நெட்டையிடம் சொன்னாள். நெட்டை கோபப்பட்டிருந்தால் தேவலை. "நல்லதுதான்டி" என்றாள் அவள், தோளைப் பிசைந்துகொண்டே. "உன் வயித்தை நீ பார்த்துக்கோ." சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நீளமான கால்கள். எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அன்று அந்தி சாயும் நேரத்தில் போன் வந்தது. ஏதோ ஒரு துறைமுகம். பின்னணியில் காற்றும் சங்கிலிச் சத்தமும்.

"உன் கூட வேலை செய்யறாங்களே, நெட்டையா ஒருத்தங்க, எப்படி இருக்காங்க?" என்று கேட்டான் கணவன்.

"நல்லா இருக்காங்க."

"நீ?"

"இருக்கேன்" என்றாள். எதிர்ப்பக்கத்தில் காற்று மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்து போயிருந்தது.

கவ்வியோடு மடிப்பது சுலபம் என்று சூப்பர்வைசர் சொன்னது சரிதான். கவ்வி சோர்வதில்லை, தண்ணீர் குடிக்கப் போவதில்லை, அதற்கு வயிறும் கிடையாது. மடிப்பு நூல் பிடித்தது போல நேராக வந்தது. புதுசு காலை முழுக்கச் சுவரைப் பார்த்து நடந்தாள், சுவரிலிருந்து பின்வாங்கினாள். ஆவிப் படலத்துக்கு அப்பால் ஈரப்பக்கத்தில் ஒரு நெட்டை உருவம் குனிந்து நிமிர்வது அவ்வப்போது தெரிந்தது. ஒருமுறை அது சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றது.

வியாழக்கிழமை விடியலில் முதலாளியின் கார் வாசலில் நின்றது. கார் கிளம்பும் நேரம் வரைக்கும் மடிக்கலாம் என்று அவள் ஒரு விரிப்பை மாட்டினாள். விறைப்பாக இழுத்தாள். உதறினாள். பிறகு, கை தன் போக்கில், நீளமாக, மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தது.

சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொருமுறை இழுத்தாள், கொஞ்சம் அழுத்தி. கவ்வி நழுவியது. விரிப்பு முழுவதும் அவள் தலைமீது வந்து விழுந்து மூடியது. அந்த வெள்ளை இருட்டுக்குள் அவள் அப்படியே நின்றாள். இதே சோப்பு வாசனை. இதே போல ஒரு வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, போன வருஷம், ஈரப்பக்கத்தின் பின்னாலிருந்த கழிவறையில் ஒற்றையாக உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இயந்திர இரைச்சலில் தன் சத்தம் யாருக்கும் கேட்காது என்று நிம்மதிப்பட்டது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்கள்: "இதெல்லாம் சகஜம். உடம்பைத் தேத்திக்கோ." கடலுக்கு நடுவில் இருந்தவனிடம் சொல்லவில்லை. பிறகு சொல்லவே இல்லை. தன் உடம்புதான் சரியில்லை என்று தீர்மானித்துக்கொண்டு மறுவாரம் வேலைக்கு வந்தாள்.

விரிப்பைத் தலையிலிருந்து விலக்கி மேஜையில் போட்டாள். வாசலைத் தாண்டி, காரைத் தாண்டி நடந்தாள்.

"எங்கம்மா போற? உனக்குத்தான் வண்டி" என்றார் டிரைவர்.

"பல்லு வலிண்ணே" என்றாள் புதுசு.

*

வட்டத்தில் அவள் நாற்காலி அவளுக்காகக் காலியாகவே இருந்தது.

நெட்டையின் முகம் துவைத்து வெளுத்த துணியைப் போலிருந்தது. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். தட்டிக்குப் பின்னால் நர்ஸம்மா வழக்கத்தைவிட நெடுநேரம் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் அந்த ஓசை கேட்டது. வேகமாக, மெல்லியதாக, விடாமல். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"துடிப்பு நல்லா இருக்கு" என்றாள் நர்ஸம்மா, நெட்டையைக் கைப்பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்து. "ஆனா இனிமே ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. இந்த வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"ஈரம் தூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. இழுத்துப் பிடிக்குது. என் உடம்பு வாகு அப்படி. மூத்த பொண்ணுக்கு அப்புறம் ஒண்ணு, அங்க இருந்தப்ப, இப்படித்தான்..." நெட்டை நிறுத்திக்கொண்டாள்.

நர்ஸம்மா சுற்றிலும் பார்த்தாள். "வேற யாருக்கு இப்படி?"

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. புதுசு எழுந்து நின்றிருந்தாள். எழுந்து நிற்கத் தேவையில்லை, அந்த அறையில் யாரும் நிற்பதில்லை. ஆனால் அதை உட்கார்ந்து சொல்ல அவளால் முடியவில்லை.

"எனக்கு இது முதல் இல்ல" என்றாள். "அன்னிக்குப் பொய் சொன்னேன். போன வருஷம் ஒண்ணு இருந்துது. ஈரப்பக்கத்துல இருக்கும்போது போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. என் உடம்புதான் சரியில்லைன்னு நினைச்சேன்."

ரோலரம்மா மடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கும் அங்கதான்" என்றாள். "ரோலருக்கு வர்றதுக்கு முன்னாடி. எங்க வீட்டுக்காரரோட அக்கா, எனக்குக் கர்ப்பப்பை பலமில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிவெச்சாங்க. நானும் நம்பிட்டேன்."

"நீங்க மூணு பேரும் ஒரே இடத்துலயா வேலை செய்யறீங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"ஒரே இடம்தான் டீச்சர். ஒரே தண்ணி."

நர்ஸம்மா சற்று யோசித்துத்தான் பேசினாள். "போன ஒவ்வொண்ணுக்கும் இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. உங்க உடம்புதான் காரணம்னு சொன்னவங்களாலயும் முடியாது. ஆனா வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு நாள் பூரா அவ்வளவு பாரத்தைத் தூக்கலாம்னு நான் படிச்ச எதுலயும் இல்ல. அதை யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பொடிசின் கண்கள் தாவிக்கொண்டிருந்தன.

"அக்கா" என்றாள். "அப்ப நான்? நாளைக்குக் காலையில நானும் அங்கதானே போகணும்?"

அந்தக் கேள்வியைச் சுற்றி நாற்காலிகள் தாமாகவே கொஞ்சம் நெருங்கின.

*

"பாய்லரைக் கொஞ்சம் மெதுவா ஏத்துங்கண்ணே" என்றாள் ரோலரம்மா, மறுநாள் விடியலில். "நாங்க பேசறது முதலாளிக்குக் கேக்கணும்."

பாய்லர்க்காரர் தலையைச் சொறிந்தார். "இது என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கு? சரி, மெதுவான்னு சொல்லிப் பார்க்கறேன்."

சலவைக்கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து புதுசு பார்த்ததில்லை. குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது. வேலைக்கு வந்தவர்கள் வந்த இடத்திலேயே நின்றார்கள். எதையும் தூக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்த நெட்டை ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். "பேசறதுக்கு ஒண்ணும் தூக்க வேண்டியதில்லையே" என்று சொல்லிவிட்டே வந்திருந்தாள்.

முதலாளி உள்ளே நுழைந்ததும் முதலில் கவனித்தது அந்த அமைதியைத்தான்.

"ஏன் நீராவி இல்ல?"

"ஏறிட்டிருக்கு முதலாளி" என்றார் பாய்லர்க்காரர், கையைத் துடைத்துக்கொண்டே.

முதலாளி எல்லோரையும் பார்த்தார். "என்ன விஷயமா இருந்தாலும் ஒவ்வொருத்தரா ரூமுக்கு வாங்க. பேசிக்கலாம்."

"இங்கயே பேசறோம் முதலாளி. எல்லாரும் சேர்ந்தே" என்றாள் நெட்டை. "வயித்துல இருக்கறவங்களை ஈரப்பக்கம் அனுப்பக் கூடாது. மத்தவங்களும் அந்தப் பாரத்தை ரெண்டு பேராத்தான் தூக்குவோம். வியாழக்கிழமை நாங்க சேர்ந்து செக்கப்புக்குப் போவோம். அதுக்குச் சம்பளத்துல கை வைக்கக் கூடாது."

"நாளைக்கே வாசல்ல வேலை கேட்டு வேற ஆளுங்க நிப்பாங்க, தெரியுமில்ல?"

"நிப்பாங்க" என்றாள் ரோலரம்மா. "அவங்களுக்கும் வயிறு இருக்கு முதலாளி."

யாரோ சிரித்தார்கள். முதலாளியின் குரலிலிருந்த மென்மை முதல் முறையாகக் கழன்றது. "ஈரப்பக்கத்துல அப்படி யாருக்கு என்ன ஆயிடுச்சு? இத்தனை வருஷத்துல ஒருத்தியாவது வந்து சொன்னதுண்டா?"

புதுசின் வாயில் அந்தக் கேள்வி தானாக வந்தது. நர்ஸம்மாவின் கேள்வி, கரகரப்போடு சேர்த்து. அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்கு அங்க ஒண்ணு போச்சு" என்றாள். "வேற யாருக்கு இப்படி?"

நெட்டையின் கை உயர்ந்தது. ரோலரம்மாவின் கை. கொஞ்ச நேரம் அந்தக் கைகள் மட்டும்தான். பிறகு மூலையில், கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற அம்மா, தலை நரைத்தவள், ஊசியும் நூலுமாகத் தன் கையைத் தூக்கினாள். அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொரு கை. அப்புறம் ஒன்று.

முதலாளி தைக்கிற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடித்த காலத்தில் அவளும் இங்கே இருந்தாள்.

"நானும் இந்த வேலை செஞ்சவன்தான்" என்றார், தாழ்ந்த குரலில். "இந்தப் பாரம் எனக்குத் தெரியாதா?"

"நீங்க மடிச்சீங்க முதலாளி" என்றாள் புதுசு. "காய்ஞ்சதை."

அவள் ஈரப்பக்கம் நடந்தாள். அந்த வழுக்கல் தரையில் மறுபடி கால் வைத்தாள். நேற்று துவைத்து இயந்திரத்திலேயே விட்டிருந்த விரிப்பொன்றின் முனையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. பொடிசு வந்து பக்கத்தைப் பற்றினாள். ரோலரம்மா நடுவில் பிடித்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீர் ஒழுக ஒழுக, ஆளுக்கொரு பிடியாக, அதைக் கூடத்தின் நடுவுக்குத் தூக்கி வந்தார்கள். கடைசியில் ஒரு முனை மட்டும் தரையில் புரண்டு வந்தது.

மறுமுனையைப் பிடித்திருந்தவர்களின் பின்னால் நெட்டை உட்கார்ந்தபடியே கையை நீட்டி, விரிப்பின் ஓரத்தை நீளமாக, மெதுவாக ஒருமுறை இழுத்தாள். புதுசு தன் பக்கத்திலிருந்து இழுத்தாள்.

பாய்லர் இன்னும் பெருமூச்சு விடவில்லை. தரையில் புரண்ட முனையைப் புதுசு எடுத்து, சொட்டச் சொட்ட, முதலாளியை நோக்கி நீட்டினாள்.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க முதலாளி."